கன்னிமூலையில் இரண்டு ஸ்பீக்கர்கள்

மணல்குறிச்சியில் அநியாயம் நடந்தது ஆவுடையம்மாளுக்கு. செய்தவர் பொன்சிங் அண்ணாச்சி. செய்த விதம் இது: ஸ்டுடியோவுக்கு எந்த மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லு என்று அவளை நாற்பது நாள் அலையவிட்டு, அவள் பார்த்து, கேட்டு, எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்த பிறகு, எதை வேண்டாம் என்று எழுதியிருந்தாளோ அதையே வாங்கி வந்து, எங்கே வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தாளோ அங்கேயே வைத்து, அதனால் ஊருக்கு வந்த கேட்டுக்கு அவள் கைதான் காரணம் என்று ஊர் முன்னால் சொன்னார். ஊரும் சரிதான் என்றது. இதில் எந்த இடத்தில் அவளுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லப்பட்டது என்று தேடிப் பார்த்தால், எந்த இடத்திலும் இல்லை.

மணல்குறிச்சி கடலோரத்தில் ஒரு மாதா கோயிலும் ஒரு அம்மன் கோயிலும் ஒரே ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவும் உள்ள ஊர். சப்பரத் திருவிழாவுக்கு ஒரு பாட்டு, அம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஒரு பாட்டு, ஜவுளிக்கடை திறந்தால் ஆட்டோவில் கட்டிச் சுற்றிவர ஒரு பாட்டு, எல்லாம் பொன்சிங்கின் ஸ்டுடியோவில்தான் பிறக்கும். பாடுகிறவர்கள் பாடிவிட்டுப் போவார்கள், வாசிக்கிறவர்கள் வாசித்துவிட்டுப் போவார்கள், பாடியதும் வாசித்ததும் சந்தை முடிந்த இடம் போலச் சிதறிக் கிடக்கும். அதையெல்லாம் அள்ளியெடுத்து, எது முன்னால் வரவேண்டும், எது பின்னால் நிற்கவேண்டும், எது எவ்வளவு இருந்தால் போதும் என்று கலந்து ஒரு பாட்டாக்குவது ஆவுடை. பௌதிகம் படித்தவள். கம்ப்யூட்டரில் டைப் அடிக்க என்று வந்து, ஒரு நாள் யாரும் சொல்லாமலே ஒரு பாட்டைச் சரிசெய்து வைத்துவிட்டு, அன்றிலிருந்து ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் வெளியே போகிற பாட்டில் 'ஒலிக்கலவை: பொன்சிங்' என்றுதான் இருக்கும். கேட்டால், "ஸ்டுடியோ பேரு அதான பிள்ளே" என்பார்.

மானிட்டர் ஸ்பீக்கர் என்பது வீட்டில் பாட்டுக் கேட்கிற பெட்டி இல்லை. வீட்டுப் பெட்டி பாட்டுக்குப் பவுடர் பூசிப் பொட்டு வைத்துக் காட்டும். மானிட்டர் அப்படிச் செய்யக் கூடாது. பாட்டின் முகத்தில் தழும்பு இருந்தால் தழும்பைக் காட்ட வேண்டும், அப்போதுதான் கலக்கிறவர் சரிசெய்ய முடியும். அதனால் ஆவுடை ஒரு பென்டிரைவில் மூன்று பாட்டுகளை எடுத்துக்கொண்டு, திருநெல்வேலியிலும் மதுரையிலும் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு ஜோடி ஸ்பீக்கருக்கு முன்னாலும் கண்ணை மூடி உட்கார்ந்தாள். எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் அதே மூன்று பாட்டு, அதே சத்த அளவு, அதே தூரம். கடைக்காரர்கள் டீ வாங்கித் தந்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் கேட்டார்:

"வீட்டுக்காரர் வரலியாம்மா?"

"அவியளுக்குக் காது கேக்காது" என்றாள் ஆவுடை, கல்யாணமே ஆகாதவள், கண்ணைத் திறக்காமல்.

நாற்பதாம் நாள் எட்டுப் பக்கமும் எழுதி முடித்தாள். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, கூரை தாழ்வு, ஆகவே ஐந்து இஞ்சு ஸ்பீக்கர் போதும். சுவரிலிருந்து ஒன்றரைக் கை தள்ளி, இரண்டு பெட்டியும் கேட்கிறவர் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். எட்டாம் பக்கத்தில் அடிக்கோடிட்டு எழுதினாள்: 'இந்தச் சின்ன அறையில் எட்டு இஞ்சு ஸ்பீக்கரை மூலையில் வைத்தால், பேஸ் என்கிற அடியொலி சுவரில் மோதித் திரும்பி இரட்டிப்பாகக் கேட்கும். அதிகமாகக் கேட்பதால் கலக்கிறவர் குறைப்பார். குறைத்த பாட்டு வெளியே போனதும் அடியே இல்லாமல் நிற்கும்.' இதற்குப் பதினான்கு ஆட்சேபணைகள் வரலாம் என்று அவளே யோசித்து, பதினான்குக்கும் பதிலை மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, காகிதத்தைப் பொன்சிங் கையில் கொடுத்தாள். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "பாப்போம்" என்றார்.

ஒரு வாரம் கழித்து லோடு ஆட்டோவில் இரண்டு பெட்டி வந்து இறங்கியது. கூடவே இறங்கியவன் செல்வின், பொன்சிங்கின் மச்சினன், கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டுகிறவன். எட்டு இஞ்சு.

"இது நான் எழுதுனது இல்லியே அண்ணாச்சி."

"செல்வின் பாத்து எடுத்தது. பெருசு."

"பெருசுன்னு தெரியுது. நான் எழுதுனதுல எது தப்புன்னு சொல்லுங்க."

செல்வின்தான் பதில் சொன்னான். "ஏ பிள்ளே, பார்ட்டி வந்து உக்காருதான். முன்னால டிபன் பாக்ஸ் கணக்கா ரெண்டு இருந்தா என்ன நெனப்பான்? இதப் பாத்தாலே நெஞ்சு அதிரணும்."

"பாட்டுக் கேக்க வாரானா, பெட்டி பாக்க வாரானா?"

"ரெண்டுக்குந்தான்."

பொன்சிங் அதற்குள் பெட்டிகளைத் தென்மேற்கு மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். கனமான சாமான் கன்னிமூலையில்தான் இருக்க வேண்டும் என்பது ஊரில் பீரோவிலிருந்து ஆட்டுக்கல் வரைக்கும் உள்ள சட்டம். ஆவுடை சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயிலுக்குப் போறவிய நீங்க, உங்களுக்கு என்ன அண்ணாச்சி கன்னிமூலை?"

"வேதக்காரன் வீட்டுக்கும் மூலை நாலுதான்" என்றார் பொன்சிங். "கனம் மூலைல இருந்தாத்தான் தொழில் நிக்கும்."

"பத்தடி ரூம்ல மூலைல வச்சா..."

"பாப்போம் ஆவுடை. பாப்போம்."

மாதா கோயில் ஃபாதர் வந்து ஜெபம் பண்ணினார். கொடை மேளக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக் குங்குமம் தொட்டார்கள். இரண்டு பெட்டியும் கன்னிமூலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் போல உட்கார்ந்திருந்தன.

முதல் பாட்டு சப்பரத் திருவிழாவுக்கு. கமிட்டிக்காரர்கள் நாலு பேர் பின்னால் வந்து உட்கார, ஆவுடை பாட்டை ஓடவிட, அடியொலி மூலையிலிருந்து கிளம்பி வந்து நாலு பேர் நெஞ்சிலும் கை வைத்துத் தள்ளியது. அவர்களுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது, பிறகு மூச்சு முட்டியது. "நெஞ்ச அடைக்கு, பேஸக் கொறக்கச் சொல்லுங்க" என்றார்கள்.

"இங்கதான் இப்பிடிக் கேக்கு" என்றாள் ஆவுடை. "இந்த ரூமோட சத்தம் அது, பாட்டுல இல்ல. கொறச்சா வெளிய போயி ஒண்ணுமே இருக்காது."

"வெளிய போயி என்னத்துக்குக் கேக்க?" என்றார் பொன்சிங். "இங்க கேளு. கொற."

அவள் குமிழைத் திருகினாள். இன்னும் கொஞ்சம் என்றார்கள், இன்னும் திருகினாள்.

பாட்டு ஊருக்குள் போன மறுநாள் காலை மாதா கோயில் மணி அடித்தபோது, அடித்த பிறகு நெடுநேரம் காற்றில் நின்று முனகுமே, அந்த முனகல் வரவில்லை. கரண்டியால் தம்ளரைத் தட்டியது போல 'டிங்' என்று வந்து முடிந்துவிட்டது. மணியடித்த கோயில்பிள்ளை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, வெயில்காலம் என்றார். பத்து மணி வாக்கில் கடலும் அப்படியே ஆயிற்று. அலை எழும்பியது, உடைந்தது, நுரைத்தது, எல்லாம் பழையபடிதான், சத்தம் மட்டும் யாரோ பழைய பேப்பரைக் கசக்குகிற மாதிரி இருந்தது. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வலை பொத்தினார்கள். அன்று மத்தியானம் கடலைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டது அவ்வளவுதான்: "என்ன, இன்னைக்கு ஒரு மாதிரி கெடக்கு."

ஆவுடைக்குத் தெரிந்தது. ஓடிப்போய்ச் சொன்னாள். பாட்டுல எதக் கொறச்சமோ அது ஊர்ல கொறஞ்சிட்டு அண்ணாச்சி, என்றாள். பொன்சிங், "பாட்டுக்கும் கடலுக்கும் என்ன பிள்ளே சம்பந்தம், பௌதிகம் படிச்சவதான நீ" என்றார். அந்த ஒரு ஆட்சேபணையைத்தான் அவள் பதினான்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

இரண்டாவது பாட்டு அம்மன் கொடைக்கு. மேளக்காரர்களும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள், மறுநாள் ஊரிலிருந்த தவிலும் பம்பையும் தகர டப்பா மாதிரி ஆகிவிட்டன. அந்தக் கொடையில் சாமி வரவேண்டிய கோமரத்தாடி அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வீட்டில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். மூன்றாவது ஜவுளிக்கடைப் பாட்டு. அதன் பிறகு பஸ்ஸும் லாரியும் தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தில் வந்துபோக, ரோட்டைக் கடக்கிறவர்கள் காதை நம்பாமல் தரையில் ஒரு கையை வைத்து அதிர்வு பார்த்துவிட்டுக் கடந்தார்கள். இரண்டு வாரத்தில் அது கும்பிடுகிற மாதிரி ஒரு பழக்கமாகிவிட்டது, ஆடுகள்கூட நின்று நின்று போயின. இடி இடித்தால் யாரோ சுள்ளி ஒடிப்பது போலக் கேட்டது. மழை வந்த பிறகுதான் இடித்தது என்று தெரிந்துகொண்டார்கள்.

நாலாவது பாட்டு பொன்சிங்கே பாடிய பக்திப் பாட்டு. தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, "அடில கெடந்து கரகரங்கு, கொற" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இது குரலு."

"கொறன்னா கொற."

அவள் கை போய்க் குமிழைத் திருகியதை அவளே பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருந்தது. மூன்று பாட்டுக்கு முன்னால் என்றால் அவள் எழுந்து போயிருப்பாள். ஆனால் கோபத்துக்கும் அடியில் ஒரு சத்தம் இருக்கும் போலிருக்கிறது, அது ஊரை விட்டுப் போனதிலிருந்து அவளுக்குக் கோபம் வந்தாலும் மேலாக வந்தது, தொண்டைக்கு மேல் வந்தது, வயிற்றில் ஒன்றுமே இல்லை. காதுக்குள் பஞ்சு வைத்தது போல ஒரு மதமதப்பில் அவள் காலையில் எழுந்து, தலை வாரி, ஸ்டுடியோவுக்கு வந்து, சொன்னதைக் குறைத்து, திரும்பிப் போனாள்.

மறுநாளிலிருந்து மணல்குறிச்சி ஆண்களின் குரல் கீச்சிட்டது. எல்லா ஆண்களுக்கும், ஒரே காலையில், பல் விளக்கும்போதே. போனில் பேசினால் எதிர்ப்பக்கம் "சொல்லுங்கம்மா" என்றது, அதனால் போனை எடுப்பதை விட்டார்கள். பேசும் முன்னால் ஒரு தரம் கைதட்டிக்கொள்வது என்று டீக்கடையில் ஒரு வழக்கம் வந்து, அது பஞ்சாயத்து ஆபீஸ் வரை போயிற்று. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் சொல்ல வேண்டியதைப் போர்டில் எழுதிவிட்டு நின்றார். மீன் ஏலத்தில் ஆண்கள் விலை கூவினால் நாரைச் சத்தத்தோடு கலந்துவிடுகிறது என்று பெண்கள் கூவ ஆரம்பித்தார்கள், ஏலம் அரைமணி முன்னதாக முடிந்தது, அதை ஒருவரும் ஒரு செய்தியாகச் சொல்லவில்லை. புருஷன்மார் வீட்டில் சத்தம் போட்டுப் பார்த்தார்கள். அடுக்களையிலிருந்து, "என்ன, விசிலா?" என்று கேட்டார்கள். அதோடு சத்தம் போடுவதையும் விட்டார்கள்.

குறைத்ததெல்லாம் எங்கே போயிற்று என்றால், எங்கேயும் போகவில்லை. கன்னிமூலையில் தேங்கிக் கிடந்தது. பெட்டி இரண்டையும் அணைத்துவிட்டாலும் அங்கே கிடந்தது. மூலையில் வைத்த டீ தம்ளரில் வட்டம் வட்டமாக அலை வந்தது, சுவரைத் தொட்டால் எருமை விலாவைத் தொடுகிற மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. அங்கே போய் நின்று இருமிய ஒரு மேளக்காரருக்குத் தன்னுடைய பழைய இருமல் கிடைத்தது. அவர் வெளியே வந்து சொல்ல, அடுத்த நாள் வரிசை நின்றது.

அப்புறம்தான் அந்தப் பழக்கம் வந்தது. அந்த மூலையில் நின்று பேசினால்தான் குரல் குரலாக வருகிறது என்பதால், ஆண்கள் பெண்டாட்டிகளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்து திட்டினார்கள். புருஷன் மூலையில் நிற்க, பெண்டாட்டி பார்ட்டி உட்காருகிற நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க, முறை வைத்து நடந்தது. "சீக்கிரம் திட்டுங்க, அடுப்புல உலை கெடக்கு" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். போன செவ்வாய்க்கிழமை திட்ட வேண்டியதை இந்த வெள்ளிக்கிழமைக்குள் மறந்துபோன ஒருவர் மூலை வரை போய்விட்டு, "சாப்பாட்டுல உப்பு..." என்று ஆரம்பித்து, தன் குரலைக் கேட்டு அழுதுவிட்டார். ஆவுடை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் கேட்டாள். ஒருவரும் அவளிடம், இது எப்படி ஆயிற்று பிள்ளே என்று கேட்கவில்லை.

ஊர் இப்படியே பழகிப்போயிருக்கும். கெடுத்தது கைக்குழந்தைகள்தான். அப்பன் மாரில் போட்டுத் தட்டினால் தூங்குகிற பிள்ளைகள் தூங்க மறுத்தன. அப்பன் ஊம் ஊம் என்று முனகும்போது மாருக்குள்ளிருந்து வருமே ஒரு அதிர்வு, அது இல்லாமல் ஒரு பலகையில் படுக்கவைத்தது போல அவை கண்ணை விரித்துக்கொண்டு கிடந்தன. அழவும் இல்லை, தூங்கவும் இல்லை. பனிமேரியின் பெண்குழந்தை பதினோரு நாள் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. அவள் புருஷன் லூர்தையா அந்த அசதியோடு கடலுக்குப் போய்த் திரும்பியவர், அலைச்சத்தம் கேட்காததால் கரை இன்னும் தூரம் என்று நினைத்து, பாறையில் வந்து மோதினார். படகு பிளந்தது. ஆட்கள் முட்டளவு தண்ணீரில் எழுந்து நின்று, கரை இவ்வளவு பக்கமா என்று பார்த்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் ஊர்க்கூட்டம். ஊர்த் தலைவர் மிக்கேல் கைதட்டிவிட்டு, கீச்சுக் குரலில், இது எதனால் என்று கேட்டார். எல்லோருக்கும் எதனால் என்று தெரிந்திருந்தது. அத்தனை நாள் வரிசையில் நின்றவர்கள். அதனால் எல்லோரும் பொன்சிங்கைப் பார்த்தார்கள்.

பொன்சிங் எழுந்து, "கொறச்சது ஆவுடை" என்றார். "குமிழத் திருகுனது அவ கை. நான் அந்த நாற்காலில உக்காந்ததே இல்ல."

அது உண்மை. ஒன்பது வருஷத்தில் அவர் அதை வெளியில் சொன்னது அன்றுதான்.

ஆவுடை எழுந்தாள். "கை என்னோடதுதான். கொறக்கச் சொன்ன வாயி யாரோடது? நான் வேற ஸ்பீக்கர் எழுதிக் குடுத்தேன், வேற எடம் எழுதிக் குடுத்தேன். அது எதுனால வேண்டாம்னு ஆச்சுன்னு அண்ணாச்சியக் கேளுங்க."

"பழச எல்லாம் என்னத்துக்கு இழுக்க" என்றான் செல்வின்.

"பழசில்ல. அதான் விசயமே."

மிக்கேல் பொன்சிங்கைப் பார்த்தார். பொன்சிங் வாயைத் திறந்தார், தன் குரல் எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டவர் போல மூடினார். "பாப்போம்" என்று மட்டும் வந்தது, அதுவும் கொசு பறந்த மாதிரி. கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. திருகிய கை முன்னால் இருக்கும்போது, ஏன் திருகியது என்பதை யார் போய் விசாரிப்பது? ஆவுடை இனி அந்த ஸ்டுடியோவிலோ, ஊரில் எந்த மைக்செட் முன்னாலோ உட்காரக் கூடாது என்று தீர்மானமாயிற்று. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, கை கழுவி, சோறு போட்டுச் சாப்பிட்டாள். பல்லுக்கடியில் அப்பளம் நொறுங்குவது ரொம்பத் தெளிவாகக் கேட்டது.

செல்வின் நாற்காலியில் உட்கார்ந்தான். பேஸைக் கூட்டினால் ஆயிற்று, இதற்கு ஒரு படிப்பா என்று அவன் லேசாகக் கூட்டியதும் மூலையில் அது மலை போல எழுந்து வந்து அவனை நாற்காலியோடு தள்ளியது. பயந்துபோய், கூட்டியதையும் சேர்த்துக் குறைத்தான். மறுநாள் ஊர்க் காளைகள் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தின. மூன்று முறை முயன்றான். மூன்றாம் முறைக்குப் பிறகு, கம்பெனிக்காரனைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவன், கல்யாணம் முடிந்து நாலு நாள் ஆகியும் வரவில்லை.

ஆவுடை வீட்டுக்குக் கமிட்டி வரவில்லை, பனிமேரிதான் வந்தாள், இடுப்பில் கண்ணை விரித்த குழந்தையோடு. உட்காரக்கூட இல்லை.

"என்னட்டி செய்யணும்?" என்றாள்.

"நான் எழுதிக் குடுத்த ஸ்பீக்கர வாங்கணும். நான் சொன்ன எடத்துல வைக்கணும். பழைய பாட்டு அத்தனையும் திருப்பிக் கலக்கணும்."

"செய்."

"என்னைய உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. முதல்ல அது தப்புன்னு சொல்லட்டும். எனக்கு நியாயம் வேணும்க்கா."

"எனக்கு வேண்டாம் தாயி" என்றாள் பனிமேரி. "எனக்குத் தூக்கம் வேணும்."

ஆவுடை குழந்தையைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. அவளுடைய வாதம் அத்தனைக்கும் எதிராக அந்த இரண்டு கண் இருந்தது. ஸ்பீக்கர் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "தலைவர்ட்ட குடுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வேலை முடிஞ்ச பெறவு, கூட்டத்துல அண்ணாச்சிட்ட ஒரு கேள்வி கேப்பேன். பதில் சொல்லணும். பாப்போம்னு சொல்லக் கூடாது."

மிக்கேல் சரி என்றார்; கமிட்டியே மதுரைக்குப் போய் வாங்கி வந்தது. ஐந்து இஞ்சு ஜோடி, பார்ப்பதற்கு டிபன் பாக்ஸ் மாதிரிதான் இருந்தது. எட்டு இஞ்சை நாலு பேர் தூக்கி வெளியே வைத்தார்கள். ஆவுடை கையால் அளந்து, சுவரை விட்டு ஒன்றரைக் கை தள்ளி, இரண்டையும் தன் தலையையும் சமபக்க முக்கோணமாக்கி, உட்கார்ந்து, ஒரு நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் வெறுமனே கேட்டாள். மூலையில் தேங்கியிருந்தது அங்கேயேதான் கிடந்தது, ஆனால் இந்தச் சின்னப் பெட்டிகள் அதோடு போய்ச் சேரவில்லை. பாட்டுகளின் உண்மையான முகம் தெரிந்தது: ஒட்டிய கன்னம், எலும்பு துருத்திய தோள். அவளுக்கு வருத்தமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது.

சப்பரப் பாட்டை முதலில் எடுத்தாள். குறைத்ததைத் திருப்பிக் கொடுத்து, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கொடுத்து, பெட்டி காட்டியதை நம்பி முடித்தாள். பாட்டு வெளியே போன மறுநாள் மாதா கோயில் மணி அடித்து, அடித்த பிறகும் நின்று முனகியது, கடல் தன் சத்தத்தைப் போட்டுக்கொண்டது, மூலையில் வெதுவெதுப்பு கொஞ்சம் குறைந்தது. கரையில் வலை பொத்தியவர்கள் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பொத்தினார்கள். பிறகு கொடைப் பாட்டு. தவில் வந்தது, கோமரத்தாடிக்கு டீக்கடையிலேயே ஒரு சிலிர்ப்பு வந்து அடங்கியது. பிறகு ஜவுளிக்கடைப் பாட்டு. பஸ் வந்தது, ஆனால் ஜனங்கள் தரையைத் தொட்டுவிட்டுத்தான் ரோட்டைக் கடந்தார்கள், இப்போதும் அப்படித்தான் கடக்கிறார்கள். செல்வின் கெடுத்ததைச் சரிசெய்ததும் காளைகள் காளைகளாயின.

பொன்சிங் பாடிய பாட்டை இரண்டு தடவையாகக் கலந்தாள். முதல் தடவை, அடியிலும் அடியாக ஒரு முனகல் மட்டும் திரும்புகிற அளவுக்குக் கூட்டி வெளியே விட்டாள். அன்றைக்கு ஆண்களின் மாருக்குள் அதிர்வு வந்தது, பேச்சு வரவில்லை. லூர்தையா குழந்தையை மாரில் போட்டு ஊம் என்றதும் அது கண்ணை மூடியது. பனிமேரி பக்கத்திலேயே தரையில் சாய்ந்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு நாளும் ஊரில் ஆண்கள் கீச்சுக் குரலோடேதான் இருந்தார்கள். அதைப் பற்றி மிக்கேல் ஆள் அனுப்பிக் கேட்டபோது, "வருது" என்றாள் ஆவுடை.

மூன்றாம் நாள் கூட்டம் என்று சொல்லியிருந்தது. அன்று காலையில் முழுப் பாட்டையும் வெளியே விட்டாள். சமுதாயக் கூடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஆண்கள் காலையிலிருந்து வாயைத் திறக்கப் பயந்துகொண்டு, தொண்டையை மட்டும் செருமிச் செருமிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பனிமேரி முன்வரிசையில் தூங்குகிற குழந்தையோடு இருந்தாள். செல்வினும் வந்திருந்தான், கதவுப் பக்கம். ஆவுடை மேல் போட்ட தீர்மானத்தை எடுத்துவிட்டது என்று மிக்கேல் எழுதி வைத்திருந்ததைக் கணக்குப்பிள்ளை மகள் வாசித்தாள்.

"பிள்ளே, நீ கேளு" என்று மிக்கேல் சைகை காட்டினார்.

ஆவுடை எழுந்து நின்றாள். அண்ணாச்சி சத்தத்தின் அளவைச் சொல்வாரா, அறையின் நீளத்தைச் சொல்வாரா, பார்ட்டியின் மனசைச் சொல்வாரா, கன்னிமூலையைச் சொல்வாரா, எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் மாதக்கணக்காக அவளுக்குள் தயாராக நின்றது.

"நாப்பது நாள் அலைஞ்சு எட்டுப் பக்கம் எழுதிக் குடுத்தேன் அண்ணாச்சி. அது வேண்டாம்னு எட்டு இஞ்ச வாங்குனீங்க. எந்தப் பக்கத்துல, எந்த வரி தப்பா இருந்துது? ஒரே ஒரு வரியச் சொல்லுங்க. நான் அதுக்குப் பதில் சொல்லுதேன். என்கிட்ட தப்புன்னா ஒத்துக்கிடுதேன்."

பொன்சிங் எழுந்தார். கதவுப் பக்கம் பார்த்தார், செல்வின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிக்கேலைப் பார்த்தார். சட்டைப் பையில் கையை வைத்து, எடுத்தார். கூடத்தில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள், அவர் பேசப்போகிறதைக் கேட்க இல்லை, குரல் எப்படி வரப்போகிறது என்று கேட்க. அவர் பேசினார், பல வாரம் கழித்து அந்த ஊரில் ஒரு ஆணின் முழுக்குரல் வெளியே கேட்டது அதுதான், அடியோடு வந்தது, பெஞ்சுப் பலகை அதிர, ஜன்னல் கம்பி அதிர, ஆவுடையின் உள்ளங்கால் வரை அதிர வந்தது:

"நான் அதப் படிக்கவே இல்ல, பிள்ளே."